மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்

நீங்கள் பாகூரிலோ வில்லியனூரிலோ வசிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் பள்ளிக்கூடம் விட்டதும் ஊர் நூலகத்துக்குப் போகிறீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நூலகர் உங்கள் முகத்தைப் பார்த்ததுமே, "அன்றைக்கு வானவியல் புத்தகம் கேட்டாயே தம்பி, வந்திருக்கிறது, மூன்றாவது அலமாரியில் பார்" என்கிறார். உங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இன்னொரு நாள் போகிறீர்கள். அதே மேசை, அதே நூலகர். ஆனால் தலையை நிமிர்த்தாமலே, "எல்லாம் அங்கேதான் இருக்கும், தேடிப் பார்" என்று சொல்லிவிடுகிறார்.

வெளியே வந்ததும் நாம் என்ன சொல்கிறோம்? "மனிதர் சுபாவம் அப்படி." அல்லது, "அரசாங்கச் சம்பளம், வேலை செய்ய மனம் வராது." இரண்டுமே சுலபமான விடைகள். ஒரே மனிதர் ஒரு நாள் அப்படியும் மறுநாள் இப்படியும் இருப்பதற்குச் சுபாவம் காரணமாக முடியுமா? சம்பளமும் ஒரு நாளில் மாறுவதில்லையே! வேலையில் மனம் ஒட்டுவதும் ஒட்டாமல் போவதும் ஏன் என்ற கேள்வியை உளவியலார் கடந்த 50 ஆண்டுகளாகத் துருவிப் பார்த்து வருகின்றனர். அவர்கள் கண்டவற்றைச் சொல்லும் முன், நம் தமிழ்நாட்டு நூலகர் ஒருவரின் கதையைப் பார்ப்போம்.

1924-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த சீர்காழி இரா. அரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். அந்தப் பதவிக்குச் சம்பளம் அதிகம். ஆனால் சில நாட்களிலேயே அவருக்கு அலுப்புத் தட்டிவிட்டது. வகுப்பு நிறைய மாணவர்களைக் கண்டு பழகியவருக்கு, யாரும் எட்டிப் பார்க்காத அறையில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பது தனிமைச் சிறையாகப் பட்டது. மீண்டும் கல்லூரிக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு போனார். லண்டனுக்குப் போய் நூலகக் கலையைப் படித்து வாருங்கள், திரும்பி வந்த பிறகும் இந்த வேலை பிடிக்கவில்லையென்றால் கணிதத்துக்கே போய்விடலாம் என்று அவரைச் சமாதானம் செய்து அனுப்பினார்கள்.

போனார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். குழந்தைகளும் தொழிலாளரும் இல்லத்தரசிகளும் வந்து கேட்க, நூலகர்கள் அவர்களோடு பேசிப் புத்தகம் எடுத்துக் கொடுப்பதைக் கண்டார். அவர் கணித மூளைக்கு அங்கே ஒரு புதிரும் கிடைத்தது. ஒவ்வொரு நூலகத்திலும் ஒவ்வொரு விதமாகப் புத்தகங்களை வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். எதுவும் அவருக்கு நிறைவு தரவில்லை. ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சில பட்டைகளையும் திருகுகளையும் மாற்றி மாற்றிப் பூட்டிப் பல உருவங்கள் செய்யலாம். அறிவுத் துறைகளையும் இப்படிச் சிறு உறுப்புகளாகப் பிரித்துப் பூட்டினால் என்ன என்று தோன்றியது. அதுவே பின்னாளில் 'கோலன் பகுப்பு முறை' ஆயிற்று. 1925-இல் ஊர் திரும்பும்போது கப்பலில் இருந்த நூலகத்தையே அந்த முறைப்படி அடுக்கிப் பார்த்தாராம்!

திரும்பி வந்தவர் கணிதத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வாசகர் தாமே அலமாரிக்குச் சென்று புத்தகம் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். கேட்பவருக்கு உதவ ஆட்களை அமர்த்தினார். 1931-இல் 'நூலகவியலின் ஐந்து விதிகள்' என்ற நூலை வெளியிட்டார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் விடுப்பே எடுக்காமல் உழைத்தார் என்றும், தம் திருமண நாளன்று பிற்பகலிலேயே நூலகத்துக்கு வந்துவிட்டார் என்றும் எழுதியிருக்கிறார்கள். (இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. வீட்டில் இருந்தவர்களையும் கேட்டிருக்க வேண்டும்.)

இங்கே சற்று நின்று யோசியுங்கள். 1924 ஜனவரியில் அலுத்துப் போனவரும் அதே அரங்கநாதன்தான். 1925-க்குப் பிறகு வேலையிலேயே மூழ்கியவரும் அவர்தான். சுபாவம் மாறவில்லை. மாறியவை மூன்று. வேலையில் தீர்க்க வேண்டிய புதிர் ஒன்று கிடைத்தது. அதைத் தம் விருப்பப்படி தீர்த்துப் பார்க்கச் சுதந்தரம் கிடைத்தது. தம் உழைப்பு யாருக்குப் பயன்படுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

இத்தகைய மனநிலையை இன்று 'பணி ஈடுபாடு' என்கின்றனர். நெதர்லாந்து நாட்டில் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷௌஃபெலி, பாக்கர் முதலியோர் 2002-இல் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தனர். காய்ச்சலை அளக்க வெப்பமானி இருப்பது போல, ஈடுபாட்டை அளக்க 17 வாக்கியங்கள். வேலை செய்யும்போது உடலிலும் மனத்திலும் தெம்பு இருக்கிறதா, செய்யும் வேலை பொருளுள்ளது என்று படுகிறதா, நேரம் போவது தெரியாமல் ஆழ்ந்துவிடுகிறீர்களா என்பவைதாம் அவற்றின் சாரம். ஊக்கம், பற்று, லயிப்பு என்று நாம் தமிழில் சொல்லலாம். ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்பதற்கு 0, 'எப்போதும்' என்பதற்கு 6 என மதிப்பெண் இட வேண்டும். நீங்களும் உங்கள் பாடங்களுக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். கணக்குக்கு ஓர் எண்ணும் சரித்திரத்துக்கு வேறோர் எண்ணும் வந்தால் வியப்படையாதீர்கள்!

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. 1974-இல் நியூயார்க்கில் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியல் மருத்துவர், இலவச மருத்துவமனையில் தொண்டு செய்தவர்களைக் கவனித்தார். உற்சாகமாக வந்தவர்கள் ஏறக்குறைய ஓராண்டில் எரிந்து தீர்ந்த திரி போல ஆனார்கள். அவருக்கும் அதே அனுபவம் இருந்தது. இதைப் 'பணிச்சோர்வு' எனலாம். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில் இதைச் சேர்த்தபோது, இது ஒரு நோய் அன்று, பணியிடத்தில் விளையும் நிலை என்று தெளிவாகக் குறிப்பிட்டது. எங்கே சிகிச்சை தேவை என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடுகிறதல்லவா?

ஈடுபாடு ஏன் வற்றுகிறது? பாகூர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே தென்பெண்ணை நீர் ஏரிக்கு வருகிறது. மதகு வழியே வயலுக்குப் போகிறது. மதகு திறந்தே இருந்து வாய்க்கால் தூர்ந்து போனால் ஏரி என்ன ஆகும்? பணியாளரின் மனமும் அப்படித்தான். வேலைப்பளு, அவசரம், திட்டு, கூச்சல் இவை மதகு. சக ஊழியரின் உதவி, மேலதிகாரியின் ஆதரவு, புதிதாகக் கற்கும் வாய்ப்பு, தானே முடிவு செய்யும் உரிமை இவை வாய்க்கால். இந்த வரவு செலவுக் கருத்தை ஐரோப்பிய ஆய்வாளர் நால்வர் 2001-இல் வெளியிட்டனர். மதகைச் சற்று மூடினால் சோர்வு குறையும். ஆனால் ஈடுபாடு வளர வாய்க்காலைத் தூர்வார வேண்டும்.

இந்த வாய்க்கால்களில் மிக முக்கியமானது எது? கராசெக் என்ற அமெரிக்கர் 1979-இலேயே ஒரு விடை சொன்னார். வேலை கடுமையாக இருப்பது மட்டும் மனிதரை நசுக்குவதில்லை. கடுமையான வேலையும் இருந்து, அதை எப்படிச் செய்வது என்று முடிவு செய்யும் உரிமையும் இல்லாதபோதுதான் நசுங்குகிறார். இதற்குத் திடுக்கிட வைக்கும் சான்று லண்டன் அரசு அலுவலகங்களில் கிடைத்தது. 1967-இல் தொடங்கி ஏறக்குறைய 18,000 ஆண் ஊழியர்களின் உடல்நிலையைத் தொடர்ந்து கவனித்தார்கள். பொறுப்பு மிக்க உயர் அதிகாரிகளுக்குத்தான் மாரடைப்பு அதிகம் வரும் என்று நீங்கள் நினைக்கலாம். நடந்தது தலைகீழ்! வாயிற்காப்போர், தூதஞ்சல் ஊழியர் போன்ற கடைநிலைப் பணியாளரிடையே இதய நோய் மரணம் மேல்நிலை அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. புகைபிடித்தல், இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கணக்கில் கழித்த பிறகும் வேறுபாடு மறையவில்லை. 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில், வேலையின் மீது தமக்குப் பிடி இல்லாத நிலையும் ஒரு காரணம் என்று தெரியவந்தது.

நம் ஊர் நூலகருக்கு இது எப்படிப் பொருந்தும்? எந்தப் புத்தகம் வாங்குவது என்று நகரத்தில் எங்கோ முடிவு செய்து கட்டாக அனுப்பிவிட்டால், கட்டைப் பிரித்து எண் எழுதுவதுதான் அவருக்கு மிஞ்சும். கரும்பு பயிரிடுவோர் எதைத் தேடி வருகிறார்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எது தேவை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்பாரில்லை என்றால், ஓராண்டில் அவரும் தெரிந்துகொள்வதை விட்டுவிடுவார். "தேடிப் பார்" என்ற சொல் அங்கிருந்துதான் பிறக்கிறது.

இனி, பயனைக் கண்ணால் காண்பது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில், பழைய மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து நன்கொடை கேட்பது சிலருடைய வேலை. பெரும்பாலும் மறுப்பும் வசவும்தான் கிடைக்கும். அந்தப் பணம் உதவித்தொகையாகப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் உதவி பெற்ற ஒருவரையும் பார்த்ததில்லை. ஆடம் கிராண்ட் என்ற உளவியலார், உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரை அழைத்துவந்து சிலருடன் சில நிமிடம் பேசச் செய்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டிருந்தது! திரட்டிய தொகையும் அவ்வாறே உயர்ந்தது. சம்பளம் ஒரு காசுகூடக் கூடவில்லை. 2007-இல் வெளியான ஆய்வு இது.

ஆனால் இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் பணியாளருக்கு இரண்டு நல்ல வார்த்தை போதும், ஆள் போட வேண்டியதில்லை" என்று எந்த அதிகாரியும் முடிவு கட்டிவிடக் கூடாது. வாய்க்கால் எவ்வளவு வந்தாலும் உடைந்த மதகுக்கு ஈடு கொடுக்காது. அரங்கநாதனே இதற்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். பணியாளர் வாய்ப்பாடு என்று நூலகவியல் வகுப்புகளில் அது கற்பிக்கப்படுகிறது. புத்தகம் கொடுத்து வாங்கும் மேசை ஆண்டில் 1,500 மணி நேரம் திறந்திருந்தால் அதற்கு ஒருவர் வேண்டும். நாளொன்றுக்கு 50 வாசகருக்கு உதவ, ஆண்டில் 250 நாட்களுக்கு ஒருவர் வேண்டும். நாம் போட்டுப் பார்ப்போமே! ஒரு சிற்றூர் நூலகம் நாளுக்கு 8 மணி வீதம் 300 நாட்கள் திறந்திருந்தால் 2,400 மணி நேரம். 1,500-ஆல் வகுத்தால் 1.6. செய்தித்தாள் பார்க்க வருவோரை விட்டுவிட்டு, உதவி கேட்போர் நாளுக்கு 25 பேர் என்றால், 25/50 பெருக்கல் 300/250, அதாவது 0.6. கூட்டினால் 2.2. பதிவேடு, ஒட்டடை, கிழிந்த புத்தகம் தைப்பது எதையும் நான் சேர்க்கவில்லை. பெரிய நூலகங்களை மனத்தில் வைத்து எழுதிய வாய்ப்பாடு இது. சிற்றூருக்குப் போடும்போது தோராயம்தான். ஆயினும் தனி ஒருவராக ஒரு நூலகத்தைத் திறந்து மூடுபவர் இரண்டு பேர் வேலையைச் செய்கிறார் என்பது இதில் தெரிந்துவிடுகிறது. அவர் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் பூட்டுத் தொங்கும்.

அரங்கநாதனின் ஈடுபாடுகூட நிலைமையைப் பொறுத்துத்தான் இருந்தது. ஓய்வு பெறும் வரை சென்னையிலேயே இருக்க எண்ணியவர், புதிதாக வந்த துணைவேந்தருடன் ஒத்துப்போக முடியாமல் பதவியைத் துறந்தார். சிறிது காலம் மனம் தளர்ந்து கிடந்தார். 1945-இல் காசி இந்துப் பல்கலைக்கழகம் அழைத்த பிறகுதான் பழைய ஊக்கம் திரும்பியது. இருபதாண்டு லயிப்பையும் ஒரு மேலிடத்து உரசல் கலைத்துவிட முடிந்தது என்றால், மற்றவர் எம்மாத்திரம்?

கற்பிப்போரின் நலனை முன்பே யாரும் எண்ணிப் பார்த்ததில்லையா? பார்த்திருக்கிறார்கள், அதுவும் இதே மண்ணில். 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் கொடையாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. அதைவிட எனக்கு வியப்பளிப்பது திருபுவனைக் கல்வெட்டு. 1048-ஆம் ஆண்டு, முதலாம் இராசாதிராசன் காலம். 260 மாணவர், 12 ஆசிரியர் கொண்ட கல்லூரிக்கு 72 வேலி நிலம் ஒதுக்கினார்கள். அதோடு நிற்கவில்லை. அங்கே கற்பிப்போரும் கற்போரும் ஊர் வாரியங்களில் பணியாற்ற வேண்டியதில்லை என்று விலக்கும் அளித்தார்கள். தேர்தல் வேலைக்கும் கணக்கெடுப்புக்கும் ஆசிரியர்களை இழுத்துக்கொண்டு போகும் நம் காலத்தவர் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் போனால் திருபுவனை வரும். கல்வெட்டு அங்கே வரதராசப் பெருமாள் கோயிலில் இருக்கிறது.