பிள்ளைக்குக் கொடுத்த குட்டி யாருக்குச் சொந்தம்?

வியாழக்கிழமை பொழுது விடியும் முன்பே அய்யலூர் விழித்துக்கொள்ளும். அன்றுதான் அங்கே ஆட்டுச் சந்தை.

திண்டுக்கல்லில் இருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர் அய்யலூர். சுற்று வட்டாரக் கிராமங்களில் இருந்து வெள்ளாடும், செம்மறியும், நாட்டுக்கோழியும் அங்கே வருகின்றன. வெளி மாவட்ட வியாபாரிகளும் வருகிறார்கள். தீபாவளி, பொங்கல், பக்ரீத் சமயத்தில் சந்தையில் கால் வைக்க இடம் இருக்காது.

வியாபாரி ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பால் பல் விழுந்து, இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஆட்டுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது என்று அர்த்தம். முதுகைத் தடவிப் பார்ப்பார். பிறகு ஆட்டைத் தூக்கிப் பார்த்து, கறி எத்தனை கிலோ தேறும் என்று கணக்குப் போடுவார்.

அப்படி விலை பேசப்படும் ஆடுகளில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வளர்த்த ஆடுகளும் உண்டு.

"என் குட்டிக் காசு எங்கே?"

கிராமத்து வீடுகளில் ஆடு குட்டி போட்டதும், "இது உன் குட்டி" என்று பிள்ளையிடம் சொல்வது வழக்கம். அன்று முதல் பிள்ளைக்கு வேறு நினைப்பு இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் வேப்பங்குழை ஒடித்து வரும். கழுநீர் வைக்கும். மழை தூறினால் ஓடிப்போய்க் குட்டியை அவிழ்த்துத் தாழ்வாரத்தில் கட்டும். யாரும் சொல்ல வேண்டியது இல்லை.

ஒரு வருடம் கழித்து ஆடு சந்தைக்குப் போகிறது. பணம் வருகிறது.

"என் குட்டிக் காசு எங்கேம்மா?"

"வட்டிக்காரருக்குக் கொடுத்தாச்சுடா. அடுத்த குட்டி உனக்குத்தான்."

அடுத்த குட்டிக்கும் இதே பதில்தான். மூன்றாவது குட்டிக்குப் பிள்ளை குழை ஒடிக்கப் போகாது. "சோம்பேறி" என்று பெயர் வாங்கும். உண்மையில் பிள்ளைக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. அவ்வளவுதான்!

வீட்டில் கஷ்டம் இருக்கத்தான் செய்யும். அவசரத்துக்கு ஆட்டை விற்பது குற்றம் அல்ல. ஆனால் பிள்ளையைக் கேட்டு, கடனாக வாங்கி, நோட்டில் எழுதி, மாதம் நூறு ரூபாயாவது திருப்பிக் கொடுக்க வேண்டும். பேரனின் கிடாவைப் பாட்டி கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டாலும் இதே சட்டம்தான். சாமிக்குக் கடன்பட்டது பாட்டி, பேரன் அல்ல.

அமெரிக்காவில் ஏலம்

அமெரிக்காவில், ஓகியோ மாநிலத்தில், 1902-ம் ஆண்டு கிரகாம் என்ற பள்ளிக்கூட அதிகாரி பிள்ளைகளுக்காக ஒரு விவசாயச் சங்கம் தொடங்கினார். பிற்காலத்தில் நாடு முழுவதும் பரவிய "நான்கு எச்" சங்கங்களுக்கு அதுவே ஆரம்பம். தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நாலுக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து "எச்". அதனால் அந்தப் பெயர்.

அந்தச் சங்கத்தில் கன்று, ஆடு, பன்றி வளர்க்கும் பிள்ளைகள் வரவு செலவு எழுத வேண்டும். கண்காட்சியில் பிராணியை ஏலம் விடுவார்கள். பணம் பிள்ளைக்கு. அதைக் கல்லூரிச் செலவுக்குச் சேர்த்து வைக்கும் பிள்ளைகள் ஏராளம். ஏலம் முடிந்ததும் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும் பிள்ளைகளும் உண்டு.

வாரத்துக்கு விடுங்கள்

நம் ஊரில் இதற்குச் சங்கம்கூட வேண்டாம். வாரத்துக்கு ஆடு விடும் வழக்கம் நம்மிடம் எப்போதோ உண்டு. பெட்டை ஆடு ஒருவருடையது, வளர்ப்பவர் இன்னொருவர், பிறக்கும் குட்டிகள் ஆளுக்குப் பாதி. இதையே அம்மாவும் பிள்ளையும் செய்துகொள்ளலாம்.

வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் 5 மாதம். ஒரு ஈற்றில் இரண்டு குட்டி போட்டால் அம்மாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. ஒரே குட்டி போட்டால்? விற்றுப் பாதிப் பாதியா, அடுத்த ஈற்றில் ஈடு செய்வதா? முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் பங்குக் குட்டி வளர்ந்து 5,000 ரூபாய்க்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். தவிடு, பிண்ணாக்கு, புழு மருந்து 1,400 ரூபாய். சந்தைச் சுங்கம், வண்டிச் சத்தம் 100 ரூபாய். கையில் நிற்பது 3,500. வந்த பணம் எல்லாம் லாபம் அல்ல என்பதைப் பிள்ளை தன் கையெழுத்திலேயே பார்க்கும்.

குட்டி செத்தும் போகலாம். ஆட்டுக்கொல்லி நோயும், துள்ளுமாரியும் பொல்லாதவை. கால்நடை மருந்தகத்தில் இவற்றுக்குத் தடுப்பூசி உண்டு. ஊசி போட்ட தேதியைப் பிள்ளையே எழுதி வைக்கட்டும். குட்டி செத்துவிட்டால் மறுநாளே வேறு குட்டி வாங்கிக் கொடுக்காதீர்கள். முதலில் நஷ்டத்தை நோட்டில் எழுதட்டும்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கோழி போதும். அடை வைத்த 21-ம் நாள் குஞ்சு பொரிக்கும். பருந்துக்கும் கீரிக்கும் தப்பியது எத்தனை என்று தினம் எண்ணுவதே பெரிய வேலை.

பள்ளிக்கூடம் முதலில்

ஒன்று, இரண்டு குட்டிக்கு மேல் வேண்டாம். பட்டி ஆட்டையெல்லாம் பிள்ளை தலையில் கட்டினால் படிப்பு போய்விடும். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில்தான் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று 2016-ம் ஆண்டில் திருத்திய சட்டம் சொல்கிறது.

விற்கும் நாளைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரம் பார்த்து ஆட்டை ஓட்டிப் போவது பெரிய துரோகம். அய்யலூர்ச் சந்தை விடியற்காலையிலேயே கூடிவிடுகிறது. பிள்ளையும் கூட வந்து, விலை பேசுவதைக் கேட்டு, பணத்தைத் தன் கையால் எண்ணி வாங்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போகலாம். அழுதால் அழட்டும். திட்ட வேண்டாம்.

பணத்தைப் போட்டு வைக்கத் தபால் ஆபீஸ் இருக்கிறது. 10 வயது முடிந்த பிள்ளை தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கி, தானே கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்கலாம். ஆரம்பிக்க 500 ரூபாய் போதும். அதற்கும் சின்னப் பிள்ளையாக இருந்தால், பிள்ளை பெயரில் அப்பாவோ அம்மாவோ தொடங்கலாம். பாஸ் புத்தகத்தைப் பிள்ளையிடமே கொடுத்து வையுங்கள்.