கீழே நிற்கும் எண்

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளை ஒரு கொள்ளைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. காரணம் என்னவென்று பார்க்க மதராஸ் அரசு வில்லியம் ஐன்ஸ்லி உள்ளிட்ட மருத்துவர்கள் குழுவை அனுப்பியது. அவர்களுடைய அறிக்கை 1816இல் லண்டனில் நூலாகவே வந்தது. மண், மழை, மலைக்காற்று என்று எல்லாவற்றையும் ஆராய்ந்தார்கள். இத்தகைய காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்று உறுதியாக இன்னும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகவேண்டியிருந்தது. ஆனால் கொசுவைத் தெரியாததைவிடப் பெரிய குறை ஒன்று அந்தக் காலத்துக்கு இருந்தது. செத்தவர்களை எப்படியோ எண்ணிவிடலாம். காய்ச்சல் வருமுன் சீமையில் எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள் என்று கேட்டால் உத்தேசக் கணக்குதான் கிடைக்கும். வீடு வீடாக எண்ணிய முழுக் கணக்கு அன்று கிடையாது.

நோய் விகிதம் என்பது பள்ளிக்கூடத்துப் பின்னம்தான். மேலே நோயாளிகள், கீழே மக்கள். மேலே இருப்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். கீழே இருப்பதைக் கவனித்தவர்களில் ஒருவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். 1871இல் மதராஸ் மாகாணத்தில் நடந்த குடிக்கணக்கின் அறிக்கையை எழுதியவர் அவர். மாகாணத்தின் சுகாதார ஆணையரும் அவரே. ஆளை எண்ணும் வேலையும் சாவை எண்ணும் வேலையும் ஒரே மேசைக்கு வந்தன. பின்னாளில் எத்தனையோ துறைகள் வந்தும் இந்த வசதி திரும்பக் கிடைக்கவில்லை என்பேன். (தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலை செய்தவர்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்ற அரசு அதிகாரி ரிச்சர்டு டெம்பிளோடு மல்லுக்கு நின்றவரும் இதே கார்னிஷ்தான்.)

அந்தப் பஞ்சம் கணக்கையும் விட்டுவைக்கவில்லை. திண்டுக்கல்லை உள்ளடக்கிய அன்றைய மதுரை ஜில்லாவில் 1871இல் சுமார் 22.7 லட்சம் பேர், 1881இல் 21.7 லட்சம். பத்து ஆண்டில் ஒரு லட்சம் பேர் குறைவு. இறந்தவர்கள் போக, ஊரை விட்டே போனவர்களும் உண்டு. இடைப்பட்ட ஆண்டுகளின் இறப்புகளை 1871இன் தொகையால் வகுத்தால், ஊரில் இல்லாதவர்களையும் சேர்த்து வகுத்ததாகும். மேல் எண்ணும் லட்சணமாக இல்லை. சாவைப் பதிந்தது மருத்துவரல்ல, கிராம அதிகாரி. வாந்திபேதியும் அம்மையும் பார்த்ததும் தெரியும். மற்றதில் பெரும்பங்கு ‘காய்ச்சல்’ என்ற ஒற்றைப் பத்தியில் போய் விழுந்தது.

ஆக, அன்று பத்தாண்டுக்கு ஒருமுறை ஆள்கணக்கு உருப்படியாக வந்தது, நோய்க்கணக்குதான் குத்துமதிப்பு. இன்று தலைகீழ். காசநோய் என்று உறுதியானால் கணினியில் ஏறுகிறது. பிறக்கப்போகும் குழந்தைக்குக்கூட, தாய் வழியாக, ‘பிக்மி’ என்ற கர்ப்பப் பதிவு எண் இருக்கிறது. ஆனால் கீழே வைத்து வகுக்க எண்ணப்பட்ட தொகை வேண்டுமென்றால் 2011க்குத்தான் போகவேண்டும்: திண்டுக்கல் மாவட்டத்தில் 21,59,775 பேர். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவோடு நின்றுபோனது. இடையில் பயன்படுவதெல்லாம் மதிப்பீடு. ஒரு பேச்சுக்கு, ஆண்டில் ஆயிரம் நோயாளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2011 தொகையால் வகுத்தால் லட்சத்துக்கு 46. உண்மையில் 24 லட்சம் பேர் இருந்தால் 42. ஒரு மாத்திரைகூடச் செலவாகாமல் நோய் குறைந்துவிட்டது!

நகரத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். 2001க்கும் 2011க்கும் இடையில் மாவட்டம் 12 சதவீதம் வளர்ந்தது. திண்டுக்கல் நகராட்சியோ 1,96,955இலிருந்து 2,07,327 ஆக, ஐந்து சதவீதம்தான் கூடியது. ஊர் வளராமலா இருந்தது? எல்லையைத் தாண்டி, பாலகிருஷ்ணாபுரம், செட்டிநாயக்கன்பட்டி போன்ற ஊராட்சிகளில் வளர்ந்தது. அந்த ஊராட்சிகளில் குடியிருப்பவர் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் முகவரியில் ‘திண்டுக்கல்’ என்றுதான் சொல்வார். நோயாளி நகரக் கணக்கில் மேலே ஏறுவார். கீழே ஊராட்சியில் நிற்பார். வேடசந்தூர் பக்கம் நூற்பாலை விடுதிகளில் தங்கியிருக்கும் வெளியூர்ப் பெண்களும் வடமாநிலத் தொழிலாளர்களும் எந்த ஊரின் கீழ் எண்? தைப்பூசத்தின்போது பழனியில் வாந்திபேதி வந்தால் அதைப் பழனியின் குடித்தொகையால் வகுக்கலாமா?

கீழ் எண்ணைச் சரியாக வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சான்றும் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. 2000இல் தொடங்கி, கருப்பை வாய்ப் புற்றுநோயை அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்தே கண்டறியும் சோதனையை இங்கே 114 கிராமத் தொகுப்புகளில் நடத்தினார்கள். அம்பிளிக்கையின் கிறிஸ்டியன் பெல்லோஷிப் சமூக சுகாதார மையமும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை. பாதித் தொகுப்புகளில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குச் சோதனை. மறுபாதியில் வழக்கமான சிகிச்சை மட்டும். 2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. சோதனை நடந்த பகுதியில் 167 பேருக்குப் புற்று, நடக்காத பகுதியில் 158 பேருக்கு. இதை மட்டும் பார்ப்பவர், சோதனையே வீண் என்பார்.

ஆனால் முதல் பகுதியில் பெண்கள் அதிகம். ஒவ்வொருவரும் கவனிப்பில் இருந்த ஆண்டுகளைக் கூட்டினால் சோதனைப் பகுதியில் 2,74,430; மறுபகுதியில் 1,78,781. வகுத்துப் பாருங்கள்: லட்சத்துக்கு 61, லட்சத்துக்கு 88. இறப்பும் அப்படியே, 83 பேர், 92 பேர். விகிதத்தில் 30, 51. வயது முதலானவற்றைச் சரிக்கட்டிய பிறகு நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் கையில் இருந்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது.

இந்தக் கீழ் எண் சிக்கலை ஊராட்சி அளவிலும் இப்போது எதிர்கொள்கிறோம். ‘காசநோய் இல்லா ஊராட்சி’ விருதுக்கு, ஆயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கு மேல் இருக்கக் கூடாது. ஆயிரத்துக்கு முப்பது பேருக்காவது பரிசோதனை நடந்திருக்க வேண்டும். கிடைப்பது காந்தி சிலை: முதலாண்டில் வெண்கலம், அடுத்து வெள்ளி, பிறகு தங்க நிறம். 2,900 பேர் உள்ள ஊரில் மூன்று நோயாளிகள் இருந்தால் சிலை இல்லை. அதே ஊரில் 3,000 பேர் என்றால், மற்ற நிபந்தனைகளும் நிறைவேறியிருந்தால், உண்டு. நூறு தலைகளில் நிற்கிறது விஷயம்.

தள்ளிப்போன கணக்கெடுப்புக்கு 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது; குறிப்பு நாள் 2027 மார்ச் 1. கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போது வெளியூரில் இருக்கும் மகனை ‘இங்கேதான்’ என்று சொல்லாதீர்கள், மாடியில் குடியிருக்கும் ஒடிசாக்காரரை விட்டுவிடாதீர்கள். ஆலை வைத்திருப்பவர்கள் விடுதிக் கதவைத் திறந்து விடுங்கள்.