சென்னை சூப்பர் கிங்ஸ்: 2025 ஐ.பி.எல். பருவம்

இந்தியன் பிரீமியர் லீக் துடுப்பாட்டத் தொடரின் 2025 ஆம் ஆண்டுப் பருவத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 14 ஆட்டங்களில் 4 வெற்றியும் 10 தோல்வியும் கண்டது. 8 புள்ளிகளுடன் பத்தாவது இடம் பெற்றது. ராஜஸ்தான் அணியும் 8 புள்ளிகளே எடுத்திருந்தது; நிகர ஓட்ட விகிதம் குறைந்ததால் சென்னை அதற்குக் கீழே சென்றது. ஐந்து முறை கோப்பை வென்ற இவ்வணி கடைசி இடம் பெற்றது இதுவே முதல் முறை.

சேப்பாக்கத்தில் தோல்விகள்

சேப்பாக்கம் எம். ஏ. சிதம்பரம் அரங்கின் ஆடுகளம் பொதுவாகச் சுழற்பந்துக்கு உதவுவது. அதற்கேற்ப அஸ்வின், ஜடேஜா, நூர் அகமது ஆகிய மூவரும் அணியில் இருந்தனர். மார்ச் 23 அன்று மும்பையை வென்றது சென்னை. அதன்பின் அங்கு ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் தோற்றது. பெங்களூரு அணி 2008க்குப் பிறகும், டெல்லி அணி 2010க்குப் பிறகும் அங்கே சென்னையை வென்றன. ஐதராபாத் அணிக்கு அது சேப்பாக்கத்தில் சென்னைக்கு எதிரான முதல் வெற்றி.

ஏப்ரல் 11 அன்று கொல்கத்தாவிடம் அடைந்த தோல்வி மிகக் கடுமையானது. சென்னை 9 விக்கெட் இழப்புக்கு 103 ஓட்டங்களே எடுத்தது. அவற்றுள் 6 விக்கெட்டுகளை எதிரணியின் சுழற்பந்து வீச்சாளர்களே வீழ்த்தினர். கொல்கத்தா 10.1 ஓவர்களில் வென்றது. சொந்த மண்ணுக்கென்று வகுத்த திட்டம் எதிரணிக்கே பயன்பட்டது.

பிற காரணங்கள்

முதல் ஆறு ஓவர்களில் ஓட்டங்கள் மெதுவாக வந்ததால், இலக்கைத் துரத்தும்போது இறுதி ஓவர்களில் சுமை கூடியது. முழங்கைக் காயத்தால் தலைவர் ருதுராஜ் கெய்க்வாட் விலக, 43 வயதான மகேந்திர சிங் தோனி மீண்டும் தலைமை ஏற்றார். ஏப்ரல் 30 அன்று பஞ்சாபிடம் தோற்றதும் அடுத்த சுற்று வாய்ப்பு முடிந்தது.

இளையோர் வருகை

காயமடைந்தவர்களுக்கு மாற்றாக ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல் ஆகியோர் சேர்க்கப்பட்டனர். 17 வயது மாத்ரே பெங்களூருக்கு எதிராக 94 ஓட்டங்கள் எடுத்தார். அந்த ஆட்டத்தில் சென்னை 2 ஓட்டங்களில் தோற்றது. மே 25 அன்று நடந்த கடைசி ஆட்டத்தில் 230 ஓட்டங்கள் குவித்து, குஜராத்தை 83 ஓட்டங்களில் வென்றது. பிரெவிஸ் 23 பந்துகளில் 57 ஓட்டங்கள் எடுத்தார்.

முந்தைய சரிவுகள்

2020இல் ஏழாம் இடம் பெற்ற சென்னை, 2021இல் கோப்பை வென்றது. 2022இல் ஒன்பதாம் இடம் பெற்று, 2023இல் மீண்டும் வென்றது. அவ்விரு முறையும் அணியின் முதன்மை வீரர்கள் பெரிதும் மாறவில்லை. அனுபவத்தையே நம்பி வந்த அணி, 2025இல் பருவம் முடியும் முன்பே இளையோரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. புள்ளிப் பட்டியலில் தெரியாத மாற்றம் இதுதான்.