குவேக்: சிடியில இருந்த இசை எங்க போச்சு?

1996 ஜூன்ல ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட 'குவேக்' கேம்ல பாதி பயம் காது வழியாத்தான் வரும். இசை: ட்ரெண்ட் ரெஸ்னரும் அவரோட நைன் இன்ச் நெயில்ஸும். ஆணித் துப்பாக்கிக்கான தோட்டாப் பெட்டியில அந்தக் குழுவோட சின்னமே இருக்கும், கவனிச்சிருக்கீங்களா?

1993-ல வந்த 'டூம்'ல பாபி பிரின்ஸோட மெட்டல் இசை உங்களை ஓட வைக்கும். குவேக் இசை நிக்க வைக்கும். இரும்பு உரசுற சத்தம், இரைச்சல், முனகல். எதிரி வந்துட்டானான்னு திரும்பிப் பார்ப்பீங்க. யாரும் இருக்க மாட்டாங்க.

டூம் இசை மிடி. ஃபைல்ல இருக்கறது சுரக் குறிப்புகள் மட்டும்தான். வாசிக்கிறது உங்க சவுண்ட் கார்டு. குவேக்ல அப்படி இல்ல. கேம் சிடியிலேயே இசை சாதாரண ஆடியோ ட்ராக்கா பதிவாகியிருந்தது. சிடி ப்ளேயர்ல போட்டாலே பாடும்!

பின்னாடி அதுவே வினையாச்சு. 2007-ல ஸ்டீமுக்கு வந்தப்போ கேம் ஃபைல்கள் வந்துச்சு, சிடி ட்ராக்குகள் வரல. காசு கொடுத்து வாங்கினவங்களுக்குக் கிடைச்சது இசையில்லாத குவேக். பழைய சிடி வச்சிருந்த ரசிகர்கள்தான் ட்ராக்குகளை எடுத்து, தாங்களே கேம்ல சேர்த்து விளையாடினாங்க. அதிகாரபூர்வமா இசை திரும்பினது 2021 ஆகஸ்ட்ல வந்த புதுப் பதிப்புல.

அதனால வீட்டுல பழைய கேம் சிடி கிடந்தா தூக்கிப் போடாதீங்க. ப்ளேயர்ல போட்டுப் பாருங்க. முதல் ட்ராக்கை மட்டும் தாண்டிடுங்க. அது டேட்டா, ஸ்பீக்கர் பாவம்!