பெயரை விடுங்கள், கையெழுத்தைப் பாருங்கள்!

பேர்போன ஆலையின் பெயரைச் சாக்கில் அச்சடித்து, உள்ளே மட்டச் சரக்கைக் கட்டி அனுப்புவது நம் தொழிலில் புதிதல்ல. சாக்கைப் பிரிக்காமலே, எழுத்தின் வளைவைப் பார்த்து "இது அந்த ஆலைச் சாக்கு இல்லை" என்று தள்ளிவிடும் அனுபவசாலிகள் நம்மிடையே உண்டு. வியட்நாம் நாட்டுப் பழங்காசுகளை ஆராய்கிறவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

அந்நாட்டுக் காசு வட்டமானது. நடுவே சதுரத் துளை. உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்தது. துளையைச் சுற்றி நான்கு சீன எழுத்துகள். பெரும்பாலும் முதல் இரண்டு, அரசர் தம் ஆட்சிக்குச் சூட்டிய பெயர். மற்ற இரண்டு "புழங்கும் செல்வம்" என்பது போன்ற சொல். 10ஆம் நூற்றாண்டில் தின் போ லின் என்னும் அரசர் தொடங்கிய இந்த வழக்கம், 1945இல் முடிதுறந்த பாவோ தாய் காலம் வரை நீடித்தது. 600 காசைக் கயிற்றில் கோத்தால் ஒரு 'குவான்'.

ஆட்சிப் பெயர்தான் இருக்கிறதே, காலம் சொல்வதில் என்ன சிரமம்? சிரமமே அங்குதான். சீனாவின் பழைய சோங் காலத்துக் காசுகள் சந்தையில் நெடுங்காலம் நம்பிக்கையோடு புழங்கியவை. அதனால் பின்னால் வார்த்தவர்களும் அந்தப் பெயர்களையே போட்டார்கள். ஜப்பானின் நாகசாகியில் 1659 முதல் 1685 வரை வார்த்த ஏற்றுமதிக் காசில் இருந்தது, 1078–1085 ஆண்டுகளுக்குரிய சோங் ஆட்சிப் பெயர்! டச்சுக் கம்பெனிக் கப்பல்கள் அதை வியட்நாமில் கொண்டுபோய் இறக்கின. பெயரை மட்டும் நம்புகிறவருக்குக் கணக்கு 600 ஆண்டு பிசகிவிடும்.

காட்டிக்கொடுப்பது எழுத்து. சீன எழுத்தைப் பல பாணிகளில் எழுதலாம். முத்திரையில் வருவது போன்ற வளைந்த பழம்பாணி, கட்டம் கட்டினாற்போன்ற திருத்தமான பாணி, பேனாவை எடுக்காமல் ஓட்டுகிற பாணி என்று பல. பாணி ஒன்றானாலும் எழுதியவர் கை வேறு. பேரேட்டைப் புரட்டி எந்தப் பக்கம் எந்தக் கணக்குப்பிள்ளை எழுதியது என்று நாம் சொல்வதில்லையா? காலம் உறுதியாகத் தெரிந்த காசொன்றின் கை, இரவல் பெயர் போட்ட காசிலும் தென்பட்டால், இரண்டும் ஒரே பட்டறை என்று சந்தேகிக்க இடமுண்டு. இப்படிச் சேர்த்த கூட்டங்களுக்கு ஜப்பானியச் சேகரிப்பாளர்கள் 'கை' என்றே பெயர் வைத்தார்கள். சிறிதாக, மெலிதாக இருக்கும் 'ஆன் பாப்' கைக் காசுகள் அவற்றில் ஒன்று. தென்கோடித் துறைமுகமான ஹா தியெனை ஆண்ட மாக் குடும்பம் வார்த்தது என்பது பொதுவான கருத்து.

1470–1497 காலத்து 'ஹோங் துக்' காசில் எழுத்து ஒழுங்கு, விளிம்பு சுத்தம். 1740–1786 காலத்து 'கான் ஹுங்' காசோ பல பட்டறைச் சரக்கு. ஒரே அரசர், ஒரே ஆட்சிப் பெயர். எழுத்துப் பாணியோ பல.

ஆனால் கையை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம். நல்ல காசையே மண்ணில் அழுத்தி அச்செடுத்தால் எழுத்தும் அப்படியே வந்துவிடுமே! இதற்கும் ஒரு சோதனை உண்டு. உலோகம் ஆறும்போது சுருங்கும்; ஆகவே நகல் அசலைவிடச் சற்றுச் சிறிதாகவே இருக்கும், எழுத்தின் முனையும் மழுங்கும். நகலுக்கு நகல் எடுத்தால் இன்னும் மோசம்.

இது சேகரிப்பாளர் பிரச்சினை மட்டுமல்ல, கடைக்காரரையும் அடித்த பிரச்சினை. தெற்கே ஆண்ட நுயென் பிரபு 1746இல் துத்தநாகக் காசு வார்க்கத் தொடங்கினார். பிறகு தனியாரும் புகுந்து, மட்டக் காசு பெருகியது. சுமார் 1770இல் நோ தே லான் என்ற அறிஞர் பிரபுவுக்கே மனு எழுதினார். அரிசி விலை ஏறியது விளைச்சல் குறைவால் அல்ல. இந்தக் காசை வாங்க மனமில்லாமல் மக்கள் அரிசியை வெளியே விடாமல் வைத்துக்கொண்டதுதான் காரணம் என்பது அவர் வாதம். அரிசி மண்டி வைத்திருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1771இல் டே சோன் கலகம் வெடித்து, அந்த ஆட்சியே ஆட்டம் கண்டது.

பழங்காசு வாங்கும் ஆசையுள்ள அன்பர்கள், பெயரைக் கடைசியில் படியுங்கள். முதலில் எழுத்தின் கை, பிறகு விட்டமும் எடையும், அப்புறம் விளிம்பும் பின்புறமும். அதே வகையில் காலம் நிச்சயமான காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.