ஆழிப்பேரலையும் ஒரு படச்சுருளும்

அந்தமான், நிக்கோபார்த் தீவுகளில் தமிழ் ஒலி புதிதன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்குள்ள ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் மக்களுள் நூற்றுக்கு 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இலங்கையினின்று தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. வங்காளத்திலிருந்து வந்து நிலம் திருத்தியவரோ தமிழரினும் பலர். ஆகவே, அத்தீவுகளையும் தாக்கிய ஆழிப்பேரலையைப் பற்றிய ஒரு நூலை வங்காளத்து ஓவியர் வரைய, சென்னையில் அஃது அச்சாயிற்று என்றால் வியப்பதற்கில்லை. அந்நூலைப் பற்றியும், அதனை ஆக்கிய மொய்னா சித்ரகர் என்னும் ஓவியரின் தொழிலைப் பற்றியும் இங்கே கூற விழைகிறோம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை ஆறரை மணியளவில் சுமத்ராவின் அருகே கடலடி நிலம் பிளந்தது. அப்பிளவு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலாக வடக்கு நோக்கி, நிக்கோபாரையும் அந்தமானையும் ஒட்டி ஓடிற்று. தமிழ்நாட்டுக் கரையை அலை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. நிக்கோபாருக்கோ அந்த அவகாசமும் கிட்டவில்லை. பெரிய நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கின் அடி கடலுக்குள் ஆயிற்று. டிரிங்கட் தீவு துண்டுபட்டது. கச்சால் பேரழிவுக்குள்ளாயிற்று. தீவுகளில் இறந்தோரும் காணாமற்போனோரும் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ ஆறாயிரவர் மாண்டதை நேயர்கள் மறந்திரார்.

இத்தகைய துயரத்தைக் குழந்தைகளுக்குப் படமாக எழுதிக் காட்டுவது தகுமா? நம்மில் பலர் தகாது என்பர். குழந்தை நூல் என்றாலே முயலும் நிலாவும் மாம்பழமும் என்று நாம் பழகிவிட்டோம். மேற்கு வங்காளத்தின் பட்டுவா மரபினர் அவ்வாறு கருதியதில்லை.

சித்ரகர் என்பது அவர்களுடைய குலப்பெயர். நீண்ட தாளில் கட்டங்கட்டமாகப் படமெழுதி, பழஞ்சேலைத் துணியைப் பின்னே ஒட்டிச் சுருளாக்கி, ஊர் ஊராகச் சென்று விரித்துப் பாடுவது அவர்கள் தொழில். மஞ்சளிலிருந்து மஞ்சள் நிறமும், சங்குப்பூவிலிருந்து நீலமும், விளக்குக் கரியிலிருந்து கறுப்பும் எடுப்பர். வண்ணம் பற்றுவதற்கு வில்வப்பழப் பிசின் சேர்ப்பர். அவர்களுட் பலர் இசுலாமியர். ஆயினும் இராமகதையையும் மனசாதேவியின் கதையையும் பாடுவர். பழங்கதையோடு நில்லாமல், நாட்டில் நிகழும் பெருஞ்செய்திகளையும் அவர்கள் சுருளில் ஏற்றுவதுண்டு. நம் தோற்பாவைக் கூத்தில் பாவையும் பாட்டும் பிரியாதிருப்பது போன்றதே இது. ஒரு வேறுபாடு: கூத்துக்கு இருளும் விளக்கும் வேண்டும், பட்டுவாவுக்கு ஒரு மரநிழலும் ஒரு விரலும் போதும். விரல் சுட்டும் கட்டத்தைப் பாட்டு விளக்கும்.

ஜாய்தேப் சித்ரகர், மொய்னா சித்ரகர் ஆகிய இருவரும் ஆழிப்பேரலையைப் பாடி எழுதிய சுருளைச் சென்னைத் தாரா புக்ஸ் 2009ஆம் ஆண்டு ‘சுனாமி’ என்னும் பெயரால் நூலாக்கிற்று. இதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. சுருளுக்குப் பக்கம் என்பது இல்லை; நூலுக்கோ பக்கமே உயிர். சுருளை வெட்டித் தைத்தால் அலையின் நீளம் போய்விடும். பதிப்பகத்தார் வெட்டவில்லை. கையால் செய்த தாளில் திரை அச்சு முறையில், அதாவது ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில், வண்ணத்தின்மேல் வண்ணமாகப் பதித்து, விசிறி மடிப்பாக மடித்தனர். மடித்துப் பிடித்தால் அது புத்தகம். தரையில் விரித்தால் மீண்டும் சுருள். குழந்தை அதனருகே ஊர்ந்துகொண்டே படிக்கலாம்.

பட்டுவா ஓவியர் எழுதும் பேரலைப் படங்களில் கடல் ஒரு பெருமுகமாக, அகன்ற கண்ணும் திறந்த வாயுமாக வருவதுண்டு. அவ்வாயினுள் மனிதரும் மாடும் மரமும் வீடும் சுழல்கின்றன. நிழற்படம் காட்டும் பிணத்தைக் காண அஞ்சும் குழந்தை, இவ்வரக்கனைக் கண்டு ‘யார் இவன்?’ என்று கேட்கும். அச்சத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டால் அதனோடு பேச முடிகிறது. இதனைக் கலைநயம் என்பதைவிட உபகாரம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

குறை இல்லாமலும் இல்லை. இம்மரபில் எல்லா முகமும் வங்காள முகமே. எல்லாக் கரையும் ஒரே கரை. நிக்கோபாரியின் தேனடை போன்ற வட்டக் குடிசையையோ கச்சாலின் தோட்டத்தையோ நாகையின் கட்டுமரத்தையோ தேடுவார் ஏமாறுவர். எவர்க்கும் உரியதாய் எழுதியது எவர்க்கும் முழுதும் உரியதாகாமற் போவதும் உண்டு.

மொய்னாவின் கை அடுத்து எடுத்தது இன்னும் கடினமான வேலை. 2011இல் வெளிவந்த ‘சீதாஸ் ராமாயணா’ என்னும் சித்திர நாவலுக்கு அவர் படமெழுத, சம்ஹிதா ஆர்னி உரை எழுதினார். சீதையின் வாய்மொழியாகக் கதை செல்வது. இங்கே விரலும் இல்லை, பாட்டும் இல்லை. எந்தக் கட்டத்தில் கண் நிற்கவேண்டும், எதனைத் தாண்டவேண்டும் என்பதைப் பக்கத்தின் அமைப்பே சொல்லவேண்டும். பாடகரின் இடத்தைச் சிறு சொற்பெட்டிகள் ஏற்கின்றன. அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்ட சித்திர நாவல் விற்பனைப் பட்டியலிலும் இந்நூல் இடம்பெற்றது. மரநிழலில் பாடியவர்களின் படத்துக்கு நேர்ந்த இப்பயணம் சிறிதன்று.

பாட்டு போய்விட்டால் இழப்பு என்ன என்று கேட்பார்க்குச் சிமியுலு தீவின் செய்தி விடையாகும். சுமத்ராவுக்கு மேற்கே உள்ள அத்தீவில் 1907ஆம் ஆண்டுப் பேரலையின் நினைவு ‘ஸ்மோங்’ என்னும் சொல்லாலும் தாலாட்டாலும் தலைமுறை தலைமுறையாக வந்தது. 2004இல் நிலம் அதிர்ந்து கடல் பின்வாங்கியதும் மக்கள் ‘ஸ்மோங்’ என்று கூவி மேட்டுக்கு ஓடினர். ஏறத்தாழ 78 ஆயிரம் பேரில் உயிரிழந்தவர் எழுவர் மட்டுமே. சிறிய அந்தமானின் ஓங்கே மக்களும் கடலின் போக்கைக் கண்டு உயர்ந்த இடம் சேர்ந்து பிழைத்தனர். அவர்களிடம் அச்சிட்ட நூல் ஏதும் இருக்கவில்லை.

நிக்கோபாரிகளிடமோ படமே இருந்தது. நடு, தென் நிக்கோபாரில் நோய் தீர்க்கும் பூசாரிகள் பாளையிலும் பலகையிலும் ‘ஹெந்தா’ என்னும் படமெழுதி வீட்டில் வைப்பது வழக்கம். மேலே கதிரும் திங்களும், கீழே வரிவரியாகக் கப்பலும் மீனும் தென்னையும் மனிதரும். நோயூட்டும் ஆவிகளை விலக்கவே இவை எழுதப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு அதிகாரியாயிருந்த மேன் என்னும் ஆங்கிலேயர் அம்மக்களின் பொருள்களைத் திரட்டினார். இங்கிலாந்தின் காட்சிசாலைகளில் அவர் திரட்டியவை உள்ளன.

அந்த வரிப்படத்தையும் ‘சுனாமி’ச் சுருளையும் அருகருகே எண்ணிப் பார்க்கிறோம். ஒன்று நோயுற்றவரின் தலைமாட்டில் நின்றது; மற்றொன்று மாண்டவர்க்காகப் பாடிற்று. 2004க்குப் பின் பிறந்த தீவுக் குழந்தைகள் இப்போது வளர்ந்த பிள்ளைகள். தம் பாட்டனார் நின்ற கரை எது, ஓடிய மேடு எது என்று அவர்கள் கேட்கின்றபோது காட்டுவதற்கு, வங்காளத்து முகங்களோடு கச்சாலின் முகங்களும் கொண்ட ஒரு சுருள் வேண்டும். அதன் ஓரத்தில் தமிழில் நான்கு வரி இருப்பின், கடல் தாண்டி வாழும் நம்மவர் வீடுகளிலும் அதனை விரித்துப் படிப்பர்.