ரூஜ் ரிவர்: கலைக்கப்பட்ட ஒரு தொகுதியின் கதை

ஒட்டாவாவில் உள்ள கனடா மக்களவையில் உறுப்பினரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. தொகுதியின் பெயர்தான் அங்கே உறுப்பினரின் பெயர். 1988 முதல் 2015 வரை ‘ஸ்காபரோ – ரூஜ் ரிவர் உறுப்பினர்’ என்று அழைக்கப்பட்டு எழுந்து நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் டெரெக் லீ. மற்றவர் ராதிகா சிற்சபைஈசன், அந்தச் சபைக்குத் தெரிவான முதல் தமிழர். அந்தத் தொகுதி இப்போது இல்லை. ஆனாலும் அதன் வரலாற்றை நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அகதியாக வந்திறங்கிய ஒரு சமூகம் வாக்காளராக மாறிய கதை அதற்குள் இருக்கிறது.

ரொறன்ரோ நகரின் வடகிழக்கு மூலைதான் அந்தத் தொகுதி. வடக்கே ஸ்டீல்ஸ் அவெனியூ. மிருகக்காட்சிசாலையும் ரூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கும் மல்வேர்ன் குடியிருப்புகளும் இதற்குள் அடக்கம். மல்வேர்ன் ஒரு காலத்தில் வெறும் பண்ணை நிலம். குறைந்த விலையில் வீடு கட்டித் தருவதற்காக அரசு அந்த நிலங்களை 1950களில் வாங்கிப்போட்டது. வீடுகள் எழுந்து மக்கள் குடியேற 1970கள் ஆகிவிட்டன. குடியேறியவர்களுக்கு 1980இல் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. மக்ளூர் கிரெசென்ட் தெருவில், வீட்டுத் தோட்டத்து மண்ணில் ரேடியம் கலந்திருப்பது தெரியவந்தது. 1940களில் அங்கிருந்த பண்ணையொன்றில் ரேடியத்தைக் கையாண்டதன் எச்சம் அது. பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் கதிரியக்கம்! அந்த மண்ணை அள்ளி அகற்றுவதற்கு 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புதிதாக வந்த, அதிகம் வசதியில்லாத மக்களின் குரல் மேலே போய்ச் சேர எவ்வளவு காலம் எடுக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

1983 யூலைக் கலவரத்துக்குப் பின் கனடா வந்த ஈழத்தமிழர்கள் முதலில் கூடி வாழ்ந்தது நகர மையத்தில், வெலஸ்லி – பார்லிமென்ட் சந்தியை அண்டிய அடுக்குமாடிகளில். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் வீடு வாங்க ஸ்காபரோவுக்கு நகர்ந்தார்கள். மார்க்கம் வீதி நெடுகத் தமிழ்க் கடைகள் முளைத்தன. ஆனால் கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டிய வேகத்தில் வாக்குரிமை வந்துவிடவில்லை. அகதிக் கோரிக்கை ஏற்கப்பட வேண்டும், பிறகு நிரந்தர வதிவிடம், அதன்பின் குடியுரிமை. குடியுரிமை பெற்றவர் மட்டுமே கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். ஆகவே தெருவில் தமிழர் பெருகிப் பல ஆண்டுகள் கழித்தே வாக்காளர் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் பெருகின.

அந்த நீண்ட காலம் முழுவதும் லிபரல் கட்சியின் டெரெக் லீதான் உறுப்பினர். 1988 தொடங்கி 2008 வரை ஏழு தேர்தல்களில் தொடர்ந்து வென்றவர். வழக்கறிஞர். சாட்சிகளையும் ஆவணங்களையும் வரவழைக்க நாடாளுமன்றத்துக்கு உள்ள அதிகாரம் பற்றித் தனி நூலே எழுதியவர். 2010 மார்ச்சில், ஆப்கானிஸ்தானில் கைதானோர் தொடர்பான ஆவணங்களைத் தர அரசு மறுத்ததை உரிமைப் பிரச்சினையாக எழுப்பியவர்களுள் அவர் முக்கியமானவர். அவற்றைக் கேட்டுப் பெறும் உரிமை சபைக்கு உண்டு என்று ஏப்ரல் 27ஆம் திகதி சபாநாயகர் பீட்டர் மில்லிகன் தீர்ப்பளித்தார். கனடா நாடாளுமன்ற வரலாற்றில் முக்கியமான அந்தத் தீர்ப்பில் ஸ்காபரோ – ரூஜ் ரிவரின் பெயரும் பதிந்திருக்கிறது.

2011இல் லீ போட்டியிடவில்லை. அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளும் தமிழருக்கு மிகக் கொடியவை. 2009 மே மாதம், முள்ளிவாய்க்காலில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, ரொறன்ரோத் தமிழர்கள் கார்டினர் விரைவுச்சாலையை மறித்து நின்றார்கள். 2010 ஓகஸ்டில் ஈழத்தமிழ் அகதிகள் 492 பேருடன் சன் சீ கப்பல் பசிபிக் கரைக்கு வந்தது, வந்தவர்களைத் தடுத்துவைத்தார்கள். தெருவில் நின்று கத்தியும் கேட்க ஆளில்லை என்று உணர்ந்த இளைஞர்கள் 2011 வசந்தத்தில் வீடு வீடாகக் கதவு தட்டினார்கள். புல்வெளிகளில் புதிய சனநாயகக் கட்சியின் செம்மஞ்சள் பலகைகள் நாட்டப்பட்டன. மே 2ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐந்து வயதில் கனடா வந்த ராதிகா, ஏறத்தாழ 40 விழுக்காடு வாக்குப் பெற்று வென்றார். அதுவரை அந்தத் தொகுதியைத் தன் கையில் வைத்திருந்த லிபரல் கட்சிக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது.

இதைத் தமிழர் மட்டும் ஈட்டிய வெற்றி என்று மேடைகளில் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். சீனர், கரீபியர், பஞ்சாபியர், பிலிப்பினோக்கள் என்று வெள்ளையர் அல்லாதவர்களே பத்தில் ஒன்பது பேர்வரை வாழ்ந்த தொகுதி அது. தமிழ் வாக்கு மட்டும் அங்கே யாரையும் வெல்ல வைத்திருக்காது. ஜாக் லேட்டன் தலைமையில் நாடெங்கும் புதிய சனநாயகக் கட்சிக்கு அடித்த அலையும், லிபரல் கட்சி 34 இடங்களுக்குச் சுருங்கிய சரிவும், அயலவர்களின் நம்பிக்கையும் சேர்ந்துதான் ராதிகாவை ஒட்டாவாவுக்கு அனுப்பின. அயலவரின் பங்கை மறைத்தால் வெற்றியின் பெருமைதான் குறையும்.

பத்தாண்டுக்கு ஒருமுறை, குடிசனக் கணக்கெடுப்புக்குப் பின், ஒவ்வொரு மாகாணத்திலும் மூவர் கொண்ட ஆணைக்குழு தொகுதி எல்லைகளைத் திருத்தி வரையும். ராதிகா வென்றபின் வந்த திருத்தத்தில், ரொறன்ரோ அடங்கிய ஒன்ராறியோ மாகாணத்தின் இடங்கள் 106இலிருந்து 121 ஆயின. ரூஜ் ரிவரின் மேற்குப் பகுதி ஸ்காபரோ நோர்த் ஆயிற்று. கிழக்குப் பகுதி ஸ்காபரோ – ரூஜ் பார்க்கில் சேர்ந்தது. 2015இல் ராதிகா ஸ்காபரோ நோர்த்தில் நின்று லிபரல் வேட்பாளர் ஷான் சென்னிடம் தோற்றார். ரூஜ் பார்க்கில் லிபரல் வேட்பாளராக வென்றவர் ஹரி ஆனந்தசங்கரி.

ஹரியின் தந்தை வீ. ஆனந்தசங்கரி 1970இலும் 1977இலும் இலங்கை நாடாளுமன்றத்துக்குக் கிளிநொச்சித் தொகுதியில் தெரிவானவர். 1983இல், தனிநாடு கோருவதைத் தடைசெய்த அரசியலமைப்பின் ஆறாம் திருத்தத்தின்படி சத்தியம் செய்ய மறுத்து, தமிழர் விடுதலைக் கூட்டணியின் மற்ற உறுப்பினர்களோடு அவரும் இடத்தை இழந்தார். பின்னர் விகிதாசாரத் தேர்தல் முறை நடைமுறைக்கு வந்தபோது கிளிநொச்சி என்ற தனித் தொகுதியும் மறைந்து யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் அடங்கிவிட்டது.

மகனின் தொகுதியும் நிலைக்கவில்லை. 2025 ஏப்ரல் தேர்தலுக்கு முன் மீண்டும் எல்லைகள் மாறின. ரூஜ் பார்க், அயலில் உள்ள கில்ட்வுட்டோடு இணைக்கப்பட்டது. அந்தப் புதிய தொகுதியில் ஹரி மீண்டும் வென்றார். ஸ்காபரோவில் வீட்டு விலை ஏற ஏற, தமிழ்க் குடும்பங்கள் ஏஜாக்ஸ், பிக்கரிங், மார்க்கம் பக்கம் நகர்ந்திருக்கின்றன. அதே தேர்தலில், ரூஜ் ஆற்றைக் கடந்து கிழக்கே, பிக்கரிங் – புரூக்லின் தொகுதியில் யுவனிதா நாதன் தெரிவானார்.